ஓட்டுப் போட டிகிரி வேண்டும், ஜெயிக்க வேண்டாம்!

சென்னை பட்டதாரி தொகுதியில் நடந்த விசித்திரம்

சென்னையில் 1970-ம் ஆண்டு ஒரு தேர்தல் நடந்தது. ஓட்டுப் போட்ட அத்தனை பேரும் படித்தவர்கள். பி.ஏ., பி.எஸ்.சி., பி.காம்., வக்கீல், டாக்டர், என்ஜினீயர். டிகிரியோ, அதற்குச் சமமான படிப்போ இல்லாத ஒருவர் பெயர் கூட ஓட்டர் லிஸ்டில் கிடையாது.

பெட்டியைத் திறந்தார்கள். எண்ணினார்கள். ஜெயித்தவர் யார் தெரியுமா? டிகிரி வாங்காதவர்!

அது மேல்-சபைத் தேர்தல். தொகுதியின் பெயர் 'சென்னை மாவட்ட பட்டதாரி தொகுதி'. பட்டதாரிகளின் பிரதிநிதியாகக் கோட்டைக்குப் போகிறவர் பட்டதாரி இல்லை என்றால் சும்மா விடுவார்களா? வழக்கு வந்தது.

சென்னை ஐகோர்ட்டு, "இந்தத் தேர்தல் செல்லாது" என்று தீர்ப்பு கூறியது. பட்டதாரிகளுக்கென்று தனித் தொகுதி வைத்ததே படித்தவர்கள் சபைக்கு வரவேண்டும் என்பதற்காகத்தானே என்பது வாதம். கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது.

ஜெயித்தவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1972-ல் தீர்ப்பு தலைகீழாக மாறியது. யார் ஓட்டுப் போடலாம் என்று அரசியல் சட்டம் சொல்லி இருக்கிறது. அவர்கள் யாரைத் தேர்ந்து எடுக்கவேண்டும் என்று சொல்லவில்லை. சட்டத்தில் இல்லாத தகுதியை கோர்ட்டு புதிதாகச் சேர்க்க முடியாது. தேர்தல் செல்லும்!

இன்றைக்கும் இந்தியா முழுவதும் இதுதான் சட்டம். பட்டதாரி தொகுதியில் ஓட்டுப் போட டிகிரி வேண்டும். நிற்பதற்கும் ஜெயிப்பதற்கும் வேண்டாம். 30 வயது நிரம்பி, அந்த மாநிலத்தில் சட்டசபை ஓட்டர் லிஸ்டில் பெயர் இருந்தால் போதும்.

அண்ணாச்சிக்கு ஓட்டு இல்லை

நம்ம தெரு மளிகைக்கடை அண்ணாச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டாம் கிளாசோடு படிப்பை நிறுத்தி, 15 வயதில் சென்னைக்கு வந்தவர் என்று வைத்துக்கொள்வோம். மேல்-சபை இருக்கும் ஊரில் அவர் கடை போட்டிருந்தால் பேச்சு இப்படித்தான் போகும்.

"ஏன் சார், நானும்தான் வரி கட்டுறேன். லைசென்சுக்குப் பணம் கட்டுறேன். எனக்கு இந்த ஓட்டு கிடையாதா?"

"கிடையாது அண்ணாச்சி."

"உங்களுக்கு?"

"நான் பி.காம். எனக்கு உண்டு."

"எதிர்வீட்டு டீச்சரம்மாவுக்கு?"

"அவங்க ஹைஸ்கூல் டீச்சர். பட்டதாரி ஓட்டு ஒண்ணு, ஆசிரியர் ஓட்டு ஒண்ணு. ரெண்டு."

"சரிதான்! நான் எலெக்சன்ல நிக்கலாமா?"

"தாராளமா நிக்கலாம் அண்ணாச்சி. ஜெயிச்சா எம்.எல்.சி. ஆகலாம். ஆனா உங்க ஓட்டை உங்களுக்கே போட்டுக்க முடியாது!"

அண்ணாச்சி தராசைக் கீழே வைத்துவிட்டு நம்மை ஒரு பார்வை பார்ப்பார். பார்க்கத்தான் செய்வார்.

ஹைஸ்கூல் டீச்சர் என்று சொன்னதில் ஒரு விஷயம் இருக்கிறது. ஆசிரியர் தொகுதியில் ஓட்டு வேண்டுமானால், உயர்நிலைப்பள்ளிக்குக் குறையாத இடத்தில் 3 ஆண்டாவது பாடம் நடத்தி இருக்கவேண்டும். 'அ, ஆ' சொல்லிக் கொடுத்த ஆரம்பப் பள்ளி வாத்தியாருக்கு அந்த ஓட்டு இல்லை. பட்டதாரிக்கும் இதே கணக்குத்தான். டிகிரி வாங்கி 3 ஆண்டு ஆகி இருக்கவேண்டும். போன வருஷம் பட்டம் வாங்கிய பையன் காத்திருக்க வேண்டியதுதான்.

யார், யார் அனுப்புவது?

மேல்-சபையில் பட்டதாரிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் கிடைப்பது சின்னப் பங்குதான். 12-ல் ஒரு பங்கு அவர்களுக்கு, 12-ல் ஒரு பங்கு இவர்களுக்கு. பெரிய பங்கு இரண்டு. மூன்றில் ஒரு பங்கு எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்து எடுப்பது. இன்னொரு மூன்றில் ஒரு பங்கு மாநகராட்சி, நகராட்சி, பஞ்சாயத்து கவுன்சிலர்கள் தேர்ந்து எடுப்பது. மீதி கவர்னர் நியமனம். இலக்கியம், விஞ்ஞானம், கலை, கூட்டுறவு, சமூக சேவை இவற்றில் பெயர் பெற்றவர்களுக்கு.

2010-ல் தமிழ்நாட்டுக்கு மறுபடியும் மேல்-சபை கொண்டுவர பாராளுமன்றம் சட்டம் செய்தபோது மொத்தம் 78 இடம் என்று கணக்குப் போட்டார்கள். எம்.எல்.ஏ.க்கள் மூலம் 26, உள்ளாட்சி மூலம் 26, பட்டதாரிகள் 7, ஆசிரியர்கள் 7, நியமனம் 12.

எம்.எல்.சி.யின் பதவிக்காலம் 6 ஆண்டு. 2 ஆண்டுக்கு ஒரு முறை மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் ஓய்வு பெறுவார்கள். சட்டசபையைக் கலைப்பதுபோல் இதைக் கலைக்க முடியாது.

இவ்வளவு ஏற்பாடு செய்து அனுப்புகிறார்களே, அந்தச் சபைக்கு அதிகாரம் எவ்வளவு? சாதாரண மசோதாவை இரண்டு தடவையாக மொத்தம் 4 மாதம் நிறுத்தி வைக்கலாம். பண மசோதா என்றால் 14 நாள். அதற்குமேல் கீழ்-சபை வைத்ததுதான் சட்டம்.

கவுன்சிலரே இல்லாத சென்னை

உள்ளாட்சி பங்கில் சென்னைக்கு ஒரு தனிக் கதை உண்டு.

1973-ல் மஸ்டர் ரோல் ஊழல் புகார் கிளம்பி, சென்னை மாநகராட்சி மன்றத்தைக் கலைத்தார்கள். மறுபடியும் மன்றம் வந்தது 1996-ல்! நடுவில் 23 ஆண்டு ரிப்பன் மாளிகையில் அதிகாரிகள் ஆட்சி. மேல்-சபையோ 1986 வரை இருந்தது. ஆக, கடைசி 13 ஆண்டு மேல்-சபைக்கு ஓட்டுப் போட சென்னையில் ஒரு கவுன்சிலர் கூட இல்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று முறையிடவும் ஆள் இல்லை. கோட்டைக்கு ஒரு ஆளை அனுப்பவும் ஆள் இல்லை.

அது பழைய கதை என்று நினைக்கவேண்டாம். 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி வரை மறுபடியும் இதே நிலைமை.

பேனா ஜாக்கிரதை!

மேல்-சபைக்கு ஓட்டுப் போடுவது சட்டசபைக்குப் போடுவது மாதிரி இல்லை. பட்டனைத் தட்டினோம், 'பீப்' சத்தம் கேட்டது, வந்தோம் என்று முடியாது. காகிதச் சீட்டு. அதில் சின்னம் கிடையாது. இலையும் இல்லை, சூரியனும் இல்லை, கையும் இல்லை, தாமரையும் இல்லை. பெயரைப் படித்துப் பார்த்துத்தான் போடவேண்டும்.

முத்திரையும் குத்தக்கூடாது. 1, 2, 3 என்று எண் எழுதவேண்டும். மிகவும் பிடித்தவருக்கு 1. அவர் இல்லாவிட்டால் யார் என்பதற்கு 2. அதற்கும் அடுத்து 3. இஷ்டம் இருந்தால் கடைசி ஆள் வரை எழுதலாம். இல்லாவிட்டால் '1' மட்டும் போட்டுவிட்டு வரலாம்.

தேர்தல் அதிகாரி கொடுக்கும் ஊதா ஸ்கெட்ச் பேனாவால்தான் எழுதவேண்டும். சட்டைப் பையில் இருக்கும் சொந்தப் பேனாவை எடுத்தால் ஓட்டு காலி. 'ஒன்று' என்று எழுத்தில் எழுதினால் காலி. 'டிக்' அடித்தால் காலி. இரண்டு பேருக்கு '1' போட்டால் காலி. பழக்க தோஷத்தில் கீழே கையெழுத்துப் போட்டாலும் காலி!

இதில் மாட்டிக்கொள்வது யார்? படித்தவர்கள்தான். ஐதராபாத் பக்கம் 2021 மார்ச்சில் பட்டதாரி தொகுதித் தேர்தல் நடந்தது. போட்டியிட்டவர்கள் 93 பேர். ஓட்டுச்சீட்டு தினசரிப் பேப்பரை விரித்த மாதிரி இருந்தது. எண்ணி முடிக்க நாள் கணக்கில் ஆயிற்று. செல்லாத ஓட்டு 20 ஆயிரத்துக்கும் மேல்! போட்டவர்கள் அத்தனை பேரும் பட்டதாரிகள் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அண்ணாச்சி காதில் போட்டால் சிரிப்பார். தினமும் 200 சிட்டை எழுதுகிறவர். எண்ணில் தப்பு வராது.

அந்தத் தேர்தலில் ஜெயித்தவர் மாஜி பிரதமர் நரசிம்மராவின் மகள் வாணிதேவி.

இரண்டாவது ஆள் முதலாவது ஆவது எப்படி?

நாள் கணக்கில் எண்ணுவதற்குக் காரணம் இருக்கிறது. அதிக ஓட்டு வாங்கியவர் இங்கே ஜெயித்தவர் ஆகமாட்டார். செல்லும் ஓட்டில் பாதிக்கு மேல் வாங்கவேண்டும்.

செல்லும் ஓட்டு 1,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். 501 வாங்கினால் வெற்றி. கண்ணாடி போட்டவருக்கு 400. மீசை வைத்தவருக்கு 350. சால்வைக்காரருக்கு 250. யாருக்கும் 501 இல்லை.

சட்டசபைத் தேர்தலாக இருந்தால் கண்ணாடிக்காரருக்கு மாலை விழுந்திருக்கும். இங்கே கடைசியில் இருக்கும் சால்வைக்காரரைப் போட்டியில் இருந்து நீக்குவார்கள். அவருடைய 250 சீட்டையும் எடுத்து, '2' யாருக்கு என்று பார்ப்பார்கள். அதில் 180 மீசைக்காரருக்கு, 50 கண்ணாடிக்காரருக்கு, 20 பேர் '2' எழுதவே இல்லை.

இப்போது மீசைக்காரருக்கு 530. கண்ணாடிக்காரருக்கு 450. மீசைக்காரர் ஜெயித்தார்!

கண்ணாடிக்காரர் வீட்டில் வெடி வாங்கி வைத்திருந்தால் அதோ கதிதான். இந்தத் தேர்தலில் 'எனக்கு 2-வது ஓட்டாவது போடுங்க' என்று கெஞ்சுகிற வேட்பாளரை அசடு என்று நினைக்கக்கூடாது. அவர்தான் கணக்குத் தெரிந்தவர்.

எம்.எல்.ஏ.க்கள் போடும் ஓட்டும் இதே 1, 2, 3 தான். இடம் ஒன்றுக்கு மேல் இருந்தால் கணக்கு கொஞ்சம் மாறும். 234 எம்.எல்.ஏ.க்கள், 7 இடம் என்றால், 30 பேர் '1' போட்டால் ஒருவர் எம்.எல்.சி. 60 எம்.எல்.ஏ. உள்ள எதிர்க்கட்சி 2 பேரைத் தைரியமாக நிறுத்தலாம்.

இங்கே இன்னொரு வித்தியாசம். டெல்லி ராஜ்யசபைத் தேர்தலில் எம்.எல்.ஏ. ஓட்டுப் போட்டதும் கட்சி ஏஜெண்டிடம் சீட்டைக் காட்டவேண்டும். 2003 முதல் அப்படி. மேல்-சபைத் தேர்தலில் காட்டவேண்டாம். ரகசிய ஓட்டு. கட்சித் தலைவர்களுக்கு வயிற்றில் புளி கரைவது இதில்தான்.

மராட்டியத்தில் 2022 ஜூன் 20-ந்தேதி அப்படித்தான் ஆயிற்று. 10 இடத்துக்கு 11 பேர் போட்டி. பலம் போதாத பாரதீய ஜனதாவின் 5-வது வேட்பாளர் ஜெயித்தார். காங்கிரசின் ஒரு வேட்பாளர் தோற்றார். ஓட்டு எங்கோ கைமாறி இருக்கிறது என்று தெரிந்தது. யாருடையது என்று தெரியவில்லை. அன்று ராத்திரியே ஏக்நாத் ஷிண்டே எம்.எல்.ஏ.க்களோடு சூரத்துக்குப் போனார். 29-ந்தேதி முதல்-மந்திரி உத்தவ் தாக்கரே ராஜினாமா. எம்.எல்.சி. பதவியையும் சேர்த்து விட்டுவிட்டார்.

முதல்-மந்திரிகளின் பின்கதவு

உத்தவ் தாக்கரே எம்.எல்.சி. ஆனதும் ஒரு பரபரப்புதான். 2019 நவம்பரில் முதல்-மந்திரி ஆனபோது அவர் எந்தச் சபையிலும் உறுப்பினர் இல்லை. 6 மாதத்துக்குள் ஏதாவது ஒரு சபைக்கு வந்தாகவேண்டும். வராவிட்டால் நாற்காலி போய்விடும். குறுக்கே கொரோனா வந்தது. தேர்தலைத் தள்ளிவைத்தார்கள். நியமன எம்.எல்.சி. ஆக்கும்படி மந்திரிசபை கேட்டது, கவர்னர் ஆக்கவில்லை. கடைசியில் கெடு முடிய 2 வாரம் இருக்கும்போது, 2020 மே மாதம், போட்டியின்றித் தேர்வானார்.

இந்த வழியை முதலில் பெரிதாகப் பயன்படுத்தியது நம்ம ஊர்தான். 1952 தேர்தலில் சென்னை மாகாணத்தில் 375 இடத்தில் காங்கிரசுக்கு 152 தான் கிடைத்தது. ராஜாஜி தேர்தலில் நிற்கவே இல்லை. கவர்னர் ஸ்ரீபிரகாசா அவரை மேல்-சபை உறுப்பினராக நியமித்தார். ராஜாஜி முதல்-மந்திரி ஆனார். எதிர்த்து வழக்குப் போட்டார்கள். ஐகோர்ட்டு தள்ளிவிட்டது.

1967-ல் அண்ணா நின்றது தென்சென்னை பாராளுமன்றத் தொகுதியில். ஜெயித்ததும் முதல்-மந்திரி ஆகும்படி ஆயிற்று. எம்.பி. பதவியை விட்டுவிட்டு மேல்-சபைக்கு வந்தார். எம்.ஜி.ஆர். 1962-ல் இருந்து 2 ஆண்டு எம்.எல்.சி.யாக இருந்தவர். இலங்கைத் தமிழர் பிரச்சினைக்காக 1983-ல் எம்.எல்.ஏ. பதவியை ராஜினாமா செய்த கருணாநிதி, அடுத்த ஆண்டு மேல்-சபைக்கு வந்தார்.

பின்கதவு என்று திட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் அந்தக் கதவு வழியாக வந்தவர்கள் பட்டியலைப் பார்த்தால் திட்டுவதற்கும் கொஞ்சம் யோசனையாக இருக்கிறது.

ஒரு வழக்கு, ஒரு தீர்மானம்

1986-ல் மூடுவிழா வந்தது. நடிகை வெண்ணிற ஆடை நிர்மலாவை எம்.எல்.சி. ஆக்க எம்.ஜி.ஆர். விரும்பினார். அவரைத் திவாலானவர் என்று கோர்ட்டு அறிவித்திருந்தது. திவாலானவர் சட்டசபையிலோ மேல்-சபையிலோ உட்கார முடியாது. விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. கவர்னர் விளக்கம் கேட்டார். நிர்மலா விலகிக்கொண்டார்.

மே 14-ந்தேதி சட்டசபையில் தீர்மானம் வந்தது. மேல்-சபையே வேண்டாம்!

அந்தக் கோபம்தான் காரணம் என்று சொல்கிறவர்கள் உண்டு. வேறு கணக்குச் சொல்கிறவர்களும் உண்டு. அந்த ஆண்டு பிப்ரவரியில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் பெரும்பாலான நகராட்சிகளை தி.மு.க. பிடித்திருந்தது. மேல்-சபையில் மூன்றில் ஒரு பங்கை அனுப்புவது உள்ளாட்சி ஆட்கள். மேலே சொன்ன கணக்கைப் படித்தவர்களுக்கு மிச்சம் புரிந்திருக்கும். இரண்டில் எது என்று கேட்டால், இரண்டாவதுக்குத்தான் எடை அதிகம் என்பது நம் அபிப்பிராயம். எம்.ஜி.ஆர். எண்ணிக்கை தெரியாதவர் அல்ல.

1986 நவம்பர் 1-ந்தேதி 63 பேர் கொண்ட மேல்-சபை இல்லாமல் போனது. கடைசித் தலைவர் ம.பொ.சிவஞானம். பக்கத்து ஆந்திராவில் அதற்கு முந்தின ஆண்டுதான் என்.டி.ராமராவ் மேல்-சபையை எடுத்திருந்தார். இரண்டு நடிகர் முதல்-மந்திரிகள், அடுத்தடுத்த ஆண்டு! ஆந்திராவில் 2007-ல் மறுபடியும் வந்துவிட்டது. இங்கே வரவில்லை.

லிஸ்ட் ரெடி, பெட்டி வரவில்லை

வராததற்கு முயற்சி இல்லை என்று சொல்லமுடியாது. 1989-ல் தி.மு.க. ஆட்சி 'வேண்டும்' என்று தீர்மானம் போட்டது. 1991-ல் அ.தி.மு.க. ஆட்சி 'வேண்டாம்' என்றது. 1996-ல் 'வேண்டும்'. 2001-ல் 'வேண்டாம்'. பஸ்சில் சீட்டுக்குக் கைக்குட்டை போடுவதும், அடுத்தவர் அதை எடுத்து எறிவதும் மாதிரி.

2010-ல் மட்டும் விஷயம் முற்றிப்போனது. ஏப்ரலில் சட்டசபைத் தீர்மானம். மே மாதம் பாராளுமன்றத்தில் சட்டம். தொகுதிகளைப் பிரித்தார்கள். பட்டதாரிகளும் ஆசிரியர்களும் மனுக் கொடுக்கலாம் என்று அறிவித்தார்கள். மனுவோடு டிகிரி சர்டிபிகேட் நகலும் வைக்கவேண்டும். மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்த பழைய சர்டிபிகேட்டுகள் வெளியே வந்தன.

2011 ஜனவரியில் ஓட்டர் லிஸ்ட் தயார். பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தேர்தலுக்குத் தடை போட்டது. மே மாதம் ஆட்சி மாறியது. ஜூன் மாதம் சட்டசபையில் 'வேண்டாம்' தீர்மானம்.

ஓட்டர் லிஸ்டில் பெயர் சேர்த்த பட்டதாரிகள் ஒரு தடவை கூட ஊதா பேனாவைத் தொடவில்லை.

2021 தேர்தல் அறிக்கையிலும் மேல்-சபையைக் கொண்டு வருவோம் என்று தி.மு.க. சொன்னது. அந்தக் கட்சி ஜெயித்து ஆட்சிக்கும் வந்தது.

பட்டதாரி தொகுதிக்கு ஒரு விதி இருக்கிறது. ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்கும் ஓட்டர் லிஸ்டை முதலில் இருந்து புதிதாகத் தயாரிக்கவேண்டும். பழைய லிஸ்ட் செல்லாது. 2010-ல் பெயர் கொடுத்தவர்கள், என்றைக்காவது மேல்-சபை வந்தால் சர்டிபிகேட்டைத் தேடி எடுத்து மறுபடியும் ஜெராக்ஸ் கடைக்குப் போகவேண்டும்.

அண்ணாச்சிக்கு அந்தச் செலவு இல்லை. நிற்பதாக இருந்தால் டெபாசிட் மட்டும் கட்டினால் போதும்.